தலையெழுத்து என்று சொல்லுமுன் தேதியைப் பாருங்கள்



அண்மையில் ஒரு செம்பனைத் தோட்டத்திற்குப் போயிருந்தோம். லயத்தின் கடைசி வீடு. வாசலில் பாய் விரித்து, ஒன்பது வயதுப் பையனைத் தம் மடியில் சாய்த்துக்கொண்டு ஒரு தாயார் கஞ்சி ஊட்டிக் கொண்டிருந்தார். பையனுக்கு இன்னும் கழுத்து நிற்கவில்லை. கையும் காலும் விறைத்துக் கிடக்கின்றன. ஒரு வாய்க் கஞ்சி தொண்டையில் இறங்க இரண்டு மூன்று நிமிடம் ஆகிறது. ஒரு நாளைக்கு மூன்று வேளை. ஒன்பது வருஷமாக இதே வேலை. உதிரிப் பழம் பொறுக்கிச் சம்பாதித்துக் கொண்டிருந்த அந்த அம்மா வேலைக்குப் போவதை நிறுத்தி வெகு நாளாகிவிட்டது. புருஷன் ஒருவர் குலை அறுக்கப் போய்க் கொண்டு வருவதுதான் வீட்டு வருமானம்.

பேரையும் தோட்டத்தையும் ஆஸ்பத்திரியையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக் கொண்டார்கள். எழுதவில்லை. ஆனால், "நடந்ததை மட்டும் எழுதுங்க ஐயா, இன்னொரு வீட்டுக்காவது உதவட்டும்" என்றார் அந்த அம்மா. அதனால் எழுதுகிறோம்.

அவருக்கு அதுதான் முதல் பிரசவம். ராத்திரி வலி எடுத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். "சாயங்காலத்துல இருந்து பிள்ளை சரியா அசையலைங்க மிஸி" என்று இவர் சொல்லியிருக்கிறார். படுக்க வைத்து வயிற்றில் பெல்ட் கட்டிப் பார்த்தார்களாம். பிறகு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பது இவருக்கு நினைவில்லை. விடியற்காலையில் அவசரம் அவசரமாக அறுவை அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பிறந்த பிள்ளை அழவில்லை. மறுநாளே வலிப்பு வந்தது. மூன்று வாரம் கழித்துத்தான் பிள்ளையைக் கையில் கொடுத்தார்கள். "ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்டதற்கு, "மூச்சு வரக் கொஞ்சம் லேட்டாயிடுச்சு" என்ற ஒரே பதில்தான் கிடைத்தது.

வீட்டுப் பெரியவர்கள் அதற்கு வேறு பேர் வைத்தார்கள். "எல்லாம் தலையெழுத்து."

ஏழு வருஷம் கழிந்தது. பட்டணத்தில் படித்த அண்ணன் மகன் ஒருவன் அத்தையைக் கூட்டிக்கொண்டு வழக்கறிஞரிடம் போனான். வழக்கறிஞர் இரண்டே கேள்விதான் கேட்டாராம். "கர்ப்ப காலத்துப் புத்தகம் எங்கே அம்மா?" வீடு மாறியபோது அதைக் கரையான் அரித்துவிட்டது. "பிள்ளை பிறந்த தேதி என்ன?" தேதியைச் சொன்னார். எழுதிக் கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அரசாங்க ஆஸ்பத்திரின்னா மூணு வருஷக் கெடு. நாலு வருஷத்துக்கு முன்னாடியே நீங்க வந்திருக்கணும். இப்ப கேஸ் போட்டா எதிர்த்தரப்பு முதல்ல சொல்லப் போறதே அதுதான்."

அன்று ராத்திரி ஆஸ்பத்திரியில் தவறு நடந்ததா, இல்லையா? நமக்குத் தெரியாது. அந்தத் தாய்க்கும் தெரியாது. தவறே நடக்காமலும் இருந்திருக்கலாம். ஆனால் ஒழுங்காகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழியே அடைபட்டுப் போனது. இப்படி ஒரு நிலை இன்னொரு வீட்டுக்கு வரக்கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

எல்லாப் பாதிப்பும் தவறாகுமா?

முதலில் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பிரசவத்தில் பாதிப்பு ஏற்பட்டாலே டாக்டர் மேல் குற்றம் என்று ஆகிவிடாது. மூளை பாதிக்கப்பட்டுக் கைகால் விறைத்துப் போகும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அந்தப் பாதிப்பு பிரசவ வலி எடுக்கும் முன்பே ஏற்பட்டு விடுகிறது. குறைமாதத்தில் பிறப்பது, வயிற்றுக்குள்ளேயே நோய் தொற்றுவது எனப் பல காரணங்கள் உண்டு. பிரசவ வேளையில் மூச்சு முட்டி வரும் பாதிப்பு அவற்றில் ஒரு பங்குதான்.

அதே சமயம், தடுத்திருக்கக்கூடிய பாதிப்புகளும் உண்டு. குழந்தையின் இதயத் துடிப்பு இறங்குவதை சி.டி.ஜி. மெஷின் காகிதத்தில் வரைந்து காட்டியும் யாரும் கவனிக்காமல் விடுவது; தலை வெளிவந்த பிறகு தோள் சிக்கிக் கொள்ளும்போது தப்பான முறையில் இழுத்துக் கை நரம்பைச் சேதப்படுத்துவது; பிரசவத்துக்குப் பின் ரத்தம் கொட்டுவதை நேரத்தோடு நிறுத்தாமல் விடுவது; பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை ஏறிக்கொண்டே போவதை அளந்து பார்க்காமல் விட்டு மூளையைப் பாதிக்க விடுவது. இவை விதியா, கவனக்குறைவா என்று கேட்க வேண்டிய இடங்கள்.

இதில் எது நடந்தது என்பதை நாமாகச் சொல்ல முடியாது. டாக்டர்தான் சொல்ல முடியும். நீதிமன்றத்திலும் அப்படித்தான். கவனம் குறைந்தது என்றும், அந்தக் குறையினால்தான் பாதிப்பு வந்தது என்றும் இரண்டையும் நிரூபிக்க வேண்டும். அதற்கு வேறொரு நிபுண டாக்டர் ஆஸ்பத்திரிப் பதிவுகளைப் படித்துப் பார்த்து அறிக்கை தர வேண்டும். பதிவு இல்லாவிட்டால் நிபுணரும் என்ன செய்வார்?

நீதிமன்றங்கள் என்ன சொல்லியிருக்கின்றன?

"டாக்டரை எதிர்த்து நம்மைப் போன்ற ஏழைகள் ஜெயிக்க முடியுமா?" என்று கேட்பவர்கள் ஒரு பழைய வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1960இல் கோலாலம்பூரில் ஒரு கிளினிக்கில் வேலை செய்த ஆயா ஒருவருக்கு பென்சிலின் ஊசி போடப்பட்டது. ஒரு மணி நேரத்துக்குள் அவர் இறந்து போனார். பென்சிலின் இவருக்கு ஒவ்வாது என்று அவருடைய கார்டிலேயே ஏற்கெனவே எழுதியிருந்தது. டாக்டர் கார்டைப் பார்க்கவுமில்லை, "இதற்கு முன் ஊசி போட்டு ஏதாவது ஆயிற்றா?" என்று கேட்கவுமில்லை. இறந்தவரின் தாயார் வழக்குப் போட்டார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1967இல் தாயார் பக்கம் தீர்ப்பானது. அந்த வழக்கில் பேசியது ஒரு கார்டில் இருந்த எழுத்து என்பதை மறந்துவிடலாகாது.

சிகிச்சையின் ஆபத்துகளை நோயாளிக்கு எடுத்துச் சொல்வது பற்றி நமது கூட்டரசு நீதிமன்றம் 2006 டிசம்பர் 29இல் முக்கியத் தீர்ப்பு ஒன்றை வழங்கியது. 1982இல் கார் விபத்தில் அடிபட்டு, கழுத்தில் அறுவை செய்த பின் உடல் செயலிழந்து போன ஒரு பெண்ணின் வழக்கு அது. எந்த ஆபத்தைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்ல வேண்டியதில்லை என்று டாக்டர்களே தங்களுக்குள் முடிவு செய்துகொள்ள முடியாது, நோயாளி முக்கியமாகக் கருதக்கூடிய ஆபத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

நோயைக் கண்டறிவதும் சிகிச்சை கொடுப்பதும் வேறு கணக்கு. 2017இல் ஒரு பிரசவ வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பொறுப்புள்ள டாக்டர்கள் ஒரு சாரார் இதையே செய்திருப்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது என்றால், அந்த டாக்டரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த வழக்கைப் போட்ட தாய்க்கு வெற்றி கிடைக்கவில்லை. ஆகவே வழக்கு என்பது லாட்டரிச் சீட்டு அல்ல என்பதையும் நாம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் வெற்றி கிடைத்ததும் உண்டு. சிலாங்கூரில் ஒரு தனியார் பிரசவ மையத்தில் பிள்ளை பெற்ற தாய் ஒருவர், ரத்தம் நிற்காமல் போய் இறந்தார். டாக்டர்கள் அவரைத் தாதிகள் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனது கவனக்குறைவு என்று 2025 ஜனவரியில் ஷா ஆலாம் உயர்நீதிமன்றம் கண்டது. ஏறக்குறைய 60 லட்சம் வெள்ளி கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. போன உயிர் திரும்பாது. ஆனால் தாயில்லாமல் வளரும் பிள்ளைகளுக்கு அது ஓர் ஊன்றுகோல்.

தனியார் ஆஸ்பத்திரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. "டாக்டர் எங்கள் ஆள் இல்லை, இங்கே அறை எடுத்து நடத்துகிறவர், எங்களுக்குப் பொறுப்பில்லை" என்று சில ஆஸ்பத்திரிகள் வாதாடுவது உண்டு. நோயாளியைக் கவனிக்கும் பொறுப்பை அப்படி டாக்டர் தலையில் கட்டிவிட்டு ஆஸ்பத்திரி ஒதுங்கிக்கொள்ள முடியாது என்று 2024 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் கூறிவிட்டது.

கெடு எவ்வளவு?

இதை வெட்டி எடுத்து வீட்டுச் சுவரில் ஒட்டி வைத்தாலும் தகும். கீழே சொல்வது தீபகற்ப மலேசியாவின் கணக்கு.

அரசாங்க ஆஸ்பத்திரி, அரசாங்கக் கிளினிக் என்றால், 1948ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி 36 மாதம். சம்பவம் 2025 மார்ச் 15இல் நடந்திருந்தால், 2028 மார்ச் 15க்கு முன்பே வழக்கு நீதிமன்றத்தில் பதிவாகியிருக்க வேண்டும். "பிள்ளைக்குப் பதினெட்டு வயசு வரைக்கும் டைம் இருக்கு" என்று யாராவது சொன்னால், அரசாங்க ஆஸ்பத்திரி விஷயத்தில் அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். மூன்று வருஷம் என்றே வைத்துக் கொள்ளுங்கள்.

தனியார் ஆஸ்பத்திரி, தனியார் கிளினிக் என்றால், 1953ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி பொதுவாக ஆறு வருஷம். குழந்தையின் பேரில் போடும் வழக்குக்கு, அது 18 வயது அடையும் வரை இந்தக் கெடு ஓடத் தொடங்காது. ஆனால் காகிதமும் சாட்சியும் அவ்வளவு நாள் காத்திருக்காது.

தாய் இறந்துவிட்டால், அவரை நம்பியிருந்த குடும்பத்தார் போடும் வழக்குக்கு, இறந்த நாளிலிருந்து மூன்று வருஷம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஆஸ்பத்திரி டைரக்டருக்குப் புகார் எழுதலாம்; சுகாதார அமைச்சுக்கு எழுதலாம்; மலேசிய மருத்துவ மன்றத்துக்கும் எழுதலாம். எழுத வேண்டியதுதான். ஆனால் மருத்துவ மன்றம் டாக்டரைத் தண்டிக்குமே தவிர நஷ்ட ஈடு வாங்கித் தராது. புகார்க் கடிதம் கெடுவை நிறுத்தியும் வைக்காது. "விசாரிக்கிறோம்" என்ற பதிலுக்காகக் காத்திருந்து கெடுவைக் கோட்டை விட்டுவிடக் கூடாது.

ரோஸ் புத்தகம் நகைக்குச் சமம்

கர்ப்பமான தாய்க்கு அரசாங்கக் கிளினிக்கில் ரோஸ் நிறப் புத்தகம் கொடுக்கிறார்கள். ரத்த அழுத்தம், எடை, சிறுநீர்ச் சோதனை, குழந்தையின் வளர்ச்சி எல்லாம் அதில் தேதி வாரியாக இருக்கும். ஆபத்தின் அளவுக்கேற்ப வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறக் குறியும் போடுவார்கள். வெள்ளை என்றால் தாதியே பார்த்துக்கொள்ளக் கூடியது. பச்சை என்றால் சுகாதாரக் கிளினிக் டாக்டர். மஞ்சள் என்றால் ஆஸ்பத்திரி நிபுணர் பார்க்க வேண்டும். சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். நம் நிறம் என்ன, ஏன் மாறியது என்று கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

குழந்தை அசைவைக் குறிக்கும் பக்கத்தைச் சும்மா விடாதீர்கள். 12 மணி நேரத்தில் 10 அசைவுக்குக் குறைந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி, முகம் வீங்குதல், ரத்த அழுத்தம் 140க்கு 90 ஆகவோ அதற்கு மேலோ இருத்தல், இவை எதற்கும் "நாளைக்குப் பார்ப்போம்" என்ற பேச்சே கூடாது. குறித்த தேதியில் கிளினிக்குக்குப் போய்விடுங்கள். நாம் போகாமல் விட்டது, பிறகு நம் மேலேயே குறையாக வந்து நிற்கும்.

இனிப்பு நீர் உள்ள தாய்மார்கள் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். 75 கிராம் குளுக்கோஸ் கலந்த தண்ணீரைக் குடிக்க வைத்துச் செய்யும் சோதனையைத் தட்டிக் கழிக்காதீர்கள். இனிப்பு நீர் இருந்தால் குழந்தை பெரிதாக வளர்ந்து, பிரசவத்தில் தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம். பிரிட்டனில் இப்படி ஒரு தாய்க்கு 1999இல் நடந்தது. குழந்தை பெரிதாக இருக்கிறதே, பெற முடியுமா என்று அவர் கவலைப்பட்டும், நூற்றுக்கு ஒன்பது பத்துப் பேருக்கு இப்படிச் சிக்கிக்கொள்ளும் என்பதை டாக்டர் சொல்லவில்லை. குழந்தையின் மூளையும் கையும் பாதிக்கப்பட்டன. 2015இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தாயின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆகவே நீங்களும் கேளுங்கள்: "பிள்ளை எவ்வளவு எடை இருக்கும்? சுகப்பிரசவத்தில் என்ன ஆபத்து? ஆபரேஷனில் என்ன ஆபத்து?" மலாய் புரியாவிட்டால், புரிந்தவரைக் கூட்டிக் கொண்டு போங்கள். படிக்காத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஏதாவது நடந்துவிட்டால், சூடு ஆறுமுன் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதி வையுங்கள். எத்தனை மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனோம், யாரிடம் என்ன சொன்னோம், டாக்டர் எத்தனை மணிக்கு வந்தார், குழந்தை எத்தனை மணிக்குப் பிறந்தது, அழுததா, வலிப்பு எப்போது வந்தது. எழுதத் தெரியாவிட்டால் படிக்கிற பிள்ளையிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். ரோஸ் புத்தகத்தையும் குழந்தையின் கிளினிக் புத்தகத்தையும் பக்கம் பக்கமாக நகல் எடுத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, நகை வைக்கும் இடத்தில் வையுங்கள். ஆஸ்பத்திரி பதிவு அலுவலகத்தில் பாரம் நிரப்பிக் கட்டணம் கட்டினால் மருத்துவ அறிக்கை கேட்டு வாங்கலாம். பஸ் செலவு, மருந்து, பெம்பர்ஸ், உடற்பயிற்சிச் சிகிச்சை எல்லாவற்றின் ரசீதையும் சேர்த்து வையுங்கள். நஷ்ட ஈட்டுக் கணக்கில் அவையெல்லாம் வரும்.

2023 ஜனவரி முதல் பிரசவ லீவு 98 நாளாகியிருக்கிறது. தாய் உடம்பைத் தேற்றிக்கொள்ளட்டும்; வீட்டு ஆண்கள் அந்த நாள்களில் இந்தக் காகித வேலையைப் பார்க்கட்டும்.

தரகர்களிடம் எச்சரிக்கை

இப்படிப்பட்ட வீடுகளைத் தேடிக்கொண்டு சிலர் மோட்டார் சைக்கிளில் வருவார்கள். "கையெழுத்துப் போடுங்க அண்ணே, ஜெயிச்சா எங்களுக்கு முப்பது பர்சென்ட், தோத்தா ஒரு காசு வேண்டாம்" என்பார்கள். 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம், ஜெயித்தால்தான் கூலி என்று வழக்கறிஞர் ஒப்பந்தம் போடுவதையே தடுக்கிறது. தரகரிடம் மூலக் காகிதத்தைக் கொடுத்தால் திரும்பி வராது. நகலைக்கூட வழக்கறிஞரின் அலுவலகத்தில் நேரில் போய்த்தான் கொடுக்க வேண்டும்.

வசதி இல்லாதவர்கள் தொழிற்சங்கக் கிளையில் விசாரியுங்கள். பட்டணத்தில் இருக்கும் அரசாங்கச் சட்ட உதவி இலாகாவிலும், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலும், இந்த வழக்கை எடுப்பார்களா, யாரிடம் அனுப்புவார்கள் என்று கேளுங்கள். மருத்துவ வழக்குகளில் பழக்கமுள்ள வழக்கறிஞர் ஒருவர் முதலில் கோப்பைப் படித்துப் பார்த்து, "இதில் வழக்கு இல்லை" என்று சொன்னாலும் அதுவும் ஒரு பதில்தான். நெஞ்சில் கிடக்கும் கேள்வி ஒன்று தீரும்.

வழக்கு உண்டோ இல்லையோ, பாதிக்கப்பட்ட பிள்ளையைச் சமூகநல இலாகாவில் ஊனமுற்றோராகப் பதிந்து ஓ.கே.யூ. கார்டு எடுத்துவிடுங்கள். அதற்கு யாருடைய தவறையும் நிரூபிக்க வேண்டியதில்லை. டாக்டரின் சான்று போதும்.

நாம் பார்த்த அந்த வீட்டில் அந்தக் கார்டுகூட ஏழாவது வயதில்தான் எடுத்திருக்கிறார்கள். "யாரும் சொல்லலைங்களே" என்றார் அந்த அம்மா. நாங்கள் கிளம்பும்போது, கிண்ணத்தில் பாதிக் கஞ்சி மீதி இருந்தது. பையன் அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். அவரும் சிரித்தார்.

தாய்மார்களே, டாக்டரும் தாதியும் நம் எதிரிகள் அல்லர். நம் பிள்ளைகளில் எத்தனையோ பேரைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் அவர்களே. ஆனால் நடந்தது என்ன என்று கேட்க நமக்கு உரிமை உண்டு, அந்த உரிமைக்கு ஒரு கெடுவும் உண்டு. உங்கள் லயத்தில் இப்படி ஒரு குழந்தை இருந்தால், இன்றைக்கே அந்த வீட்டுக்குப் போய், பிறந்த தேதியை மட்டும் கேளுங்கள். மூன்று வருஷம் ஆகவில்லையென்றால், நாளைக்கு ஒரு நாள் பெரட்டு போனாலும் பரவாயில்லை, பட்டணத்துக்குக் கூட்டிக் கொண்டு போங்கள்.